இடது பின் பெட்டி

நவம்பர் 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. வாடைக் காற்று. கடலுக்குப் போகக் கூடாது என்று போனில் அறிவிப்பு வந்துவிட்டது. போட்டுகளை மேட்டுக்கு இழுத்துப் போட்டாயிற்று. என்ஜினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தேன். வீடு முழுக்க டீசல் வாடை. தேவகி மூக்கைப் பொத்துகிறாள். என்ஜின் டிரைவரைக் கட்டிக்கொண்டு பதிமூன்று வருஷம் ஆகிறது, இன்னும் அவளுக்கு டீசல் பழகவில்லை.

மத்தியானம் மச்சான் வந்தான். தேவகியின் தம்பி மோகன். மீஞ்சூரில் வீடு, கம்பெனி வேலை. பஸ்ஸில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை பாலிதீன் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்திருந்தான். உள்ளே டிவிடி பிளேயர், சின்ன ஸ்பீக்கர் ஐந்து, பெரிய ஸ்பீக்கர் ஒன்று. சென்னையில் பழைய சாமான் கடையில் வாங்கினானாம்.

"ரொம்ப நாளா கேட்டுகினு இருந்தியே மாமா, சுத்தி சுத்தி சத்தம் வர்ற செட்டு. தோ."

நான் கேட்டது நாலு வருஷத்துக்கு முன்னால். இப்போது எவன் டிவிடி பார்க்கிறான்? ஊரே போனைப் பார்க்கிறது. ஆனால் என்னிடம் ஒரு மீன் கூடை நிறைய டிவிடித் தட்டு கிடக்கிறது, தூக்கிப் போட மனசு வராமல். அதனால் வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்தேன்.

சும்மா கொடுப்பானா அவன்? என் மகள் நித்யாவுக்கு 30ஆம் தேதி ஞாயிறு காது குத்து, திருப்பாலைவனம் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அன்றைக்கு அவன்தான் ராஜா. தோரணையை இப்போதே ஆரம்பித்துவிட்டான்.

வெள்ளி வரைக்கும் லீவாம். இங்கேயே தங்குகிறான். ஆகட்டும்.

நவம்பர் 19, புதன்

மழை விடவில்லை. செட்டு மாட்டும் வேலை.

டிவிக்கு மேல் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில், வலை மாட்டுகிற ஆணியில், இடது ஒன்று, வலது ஒன்று. பெரியது கட்டிலுக்கு அடியில். சிவப்பு ஒயர் சிவப்பில், கறுப்பு கறுப்பில். இதைச் சொல்லிக் கொடுக்க மச்சானுக்கு ஒரு மணி நேரம். கடலில் என்ஜினைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டுகிறவன் நான்.

முதலில் எங்கள் கல்யாணத் தட்டைப் போட்டோம். முன் பெட்டிகள் மட்டும் பேசின. பின்னால் இரண்டும் ஊமை. "அது பழைய ரெக்கார்டிங் மாமா. ரெண்டு பக்கந்தான் சத்தம் கீது. அஞ்சு பக்கமும் பிரிச்சு எடுத்த தட்டா இருந்தாதான் பின்னாடி வரும்" என்றான். சரி. செட்டோடு வந்த சாம்பிள் தட்டைப் போட்டோம். அதற்கும் பின்னால் வரவில்லை. மெனுவுக்குள் போய் ஸ்டீரியோ என்று இருந்ததை 5.1 என்று மாற்றினான். வந்தது. இதை முதலிலேயே பார்த்திருக்கலாம் இல்லையா? கேட்டேன். பதில் இல்லை.

தட்டில் ஒரு ஹெலிகாப்டர். அறையைச் சுற்றி வருகிற மாதிரி சத்தம். நித்யா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். எனக்கு அது முன்னாலிருந்து கிளம்பி வலது பக்கமாகப் பின்னால் போனது. அதோடு சரி. இடது பக்கம் வரவே இல்லை.

டெஸ்ட் டோன் வைத்தான். ஒவ்வொரு பெட்டியாக 'ஷ்ஷ்' என்று சொல்லும். முன் இடது கொஞ்சம் மந்தம். நடு, நன்று. முன் வலது, நன்று. பின் வலது, நன்று. பின் இடது, எங்கோ பக்கத்து வீட்டில் அரிசி களைகிற மாதிரி.

"வரலியே."

"வருதே மாமா."

"வருதுய்யா, நல்லா கேக்குது" என்றாள் தேவகி. சொல்லாமல் இருப்பாளா? அவள் தம்பி கொண்டுவந்த பெட்டி.

எழுந்து போய்ப் பெட்டியிடம் காதை வைத்தேன். கத்துகிறது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். போய்விட்டது. லூஸ் காண்டாக்ட். பழைய சாமான் பழைய சாமான்தான்.

நவம்பர் 20, வியாழன்

காலை கேழ்வரகுக் கூழ், கருவாடு. பிறகு சண்டை.

ஒயர் முனையை பிளேடால் சுரண்டினேன். உப்புக் காற்றில் செம்பு ஒரே ராத்திரியில் பச்சை பிடித்திருந்தது. திரும்ப மாட்டினேன். ஊமை. புது ஒயர் போட்டேன். ஊமை.

பெட்டியை மாற்றிப் பார்க்கலாம் என்றான் மோகன். வலதுபுறப் பெட்டியைக் கழற்றி இடது ஆணியில் மாட்டினான், இடதை வலதில். இதுவரை நன்றாகப் பாடிய பெட்டி இடது பக்கம் போனதும் செத்தது. செத்த பெட்டி வலது பக்கம் வந்ததும் பாடியது. அப்படியானால் பெட்டியில் கோளாறு இல்லை, பிளேயரில்தான் என்றேன். பிளேயருக்குப் பின்னால் ஓட்டைகளை மாற்றிச் சொருகினான். அப்போதும் இடது பக்கம் ஊமை.

"எல்லாம் சரியா கீது மாமா. உனக்குத்தான் என்னைப் புடிக்கல. அத்த நேரா சொல்லிடேன்."

கோபம் வந்துவிட்டது. "நாறின மீனுக்கு மேல ஐஸ் தூவி நல்ல மீனுன்னு விக்கிறது உங்க குடும்பத்துக்குப் புதுசா இன்னா?" என்றேன். அவன் அம்மா மீஞ்சூர் மார்க்கெட்டில் இருபது வருஷம் கூடை வைத்து மீன் விற்றுத்தான் இரண்டு பேரையும் வளர்த்தாள். போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

தேவகி அடுப்படியில் பாத்திரத்தைப் போட்ட சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

நவம்பர் 21, வெள்ளி

மழை கொஞ்சம் ஓய்ந்தது. கடல் இன்னும் கறுப்பாகத்தான்.

விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று குப்பத்தில் என்ஜின் ஓட்டுகிற நான்கு பேரைக் கூட்டி வந்தேன். தேசப்பன், ஏழுமலை, இன்னும் இரண்டு பேர். சத்தத்தில் ஊறியவர்கள். கிளம்பும்போதே என்ஜின் எங்கே முனகுகிறது என்று சொல்லிவிடுவார்கள். இவர்கள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

ஒவ்வொருவராக என் நாற்காலியில் உட்கார வைத்து டெஸ்ட் டோன் போட்டேன். மச்சான் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

தேசப்பன்: "எடது பின்னாடி ஊமைப்பா."

ஏழுமலை: "வல்தாண்டதான் கேக்குது."

மற்ற இருவரும் அதே.

நாலுக்கு நாலு. கோர்ட்டில் கூட இப்படிக் கிடைக்காது. எனக்கு வயிறு குளிர்ந்தது, மறைப்பானேன்.

"கேக்குதுய்யா! அஞ்சு பொட்டியும் கேக்குது!" என்று கத்தினாள் தேவகி. "பொம்பளைக்கு இன்னாமா தெரியும் இத்தப் பத்தி?" என்றான் தேசப்பன். எல்லோரும் சிரித்தோம்.

"தெரிஞ்சேதான்டா ஏமாத்தி இருக்கே" என்றேன் மோகனிடம், நான்கு பேர் முன்னால்.

அவன் கத்தவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "நாலு பேர் முன்னாடி என்னைப் பித்தலாட்டக்காரன்னு சொல்லிட்டே மாமா. அதே நாலு பேர் முன்னாடி பொட்டி பேசுதுன்னு உன் வாயால சொல்லு. அதுவரிக்கும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். காது குத்துக்கு வேற மடி பாத்துக்கோ."

போய்விட்டான். நித்யா அழுதாள். அழட்டும், மூன்று வயதுக்கு எல்லாவற்றுக்கும் அழுகைதான்.

நவம்பர் 22, சனி

தேவகி பேசவில்லை. காலை கூழ், மத்தியானம் கூழ். கருவாடு கூட இல்லை, ஊறுகாய்.

வேறு மடி எங்கே இருக்கிறது? அவளுக்கு ஒரே தம்பி. பங்காளி எவனையாவது உட்கார வைத்தால் கோயிலில் வந்தவர்கள் எல்லாம் தாய்மாமன் எங்கே என்று கேட்பார்கள். இவளும் அங்கேயே அழுது ஊரைக் கூட்டுவாள். தேதியைத் தள்ளிப் போடலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அதற்கு மட்டும் வாயைத் திறந்தாள்.

"எங்கம்மா உயிரோட இருந்திருந்தா அவங்க மடில ஒக்கார வெச்சிருப்பேன். அவங்களையும் நாறமீனுக்காரின்னுட்டே. இனிமே எனக்குப் பொறந்த வீடு எது? சொல்லு."

எழுந்து வாசலுக்குப் போனேன்.

செட்டு அங்கேயே இருக்கிறது. கழற்றவில்லை. கழற்றினால் தோற்ற மாதிரி.

நவம்பர் 24, திங்கள்

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை.

இன்று மறுபடி நல்ல மழை. கூரை ஷீட்டில் ஒரு ஓட்டை, சரியாக என் நாற்காலியில் கால் நீட்டுகிற இடத்தில் சொட்டியது. நாற்காலியைத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு சோறு தின்றேன். நித்யா கேட்டாளே என்று ஹெலிகாப்டர் தட்டை ஓட விட்டிருந்தேன்.

ஊமைப் பெட்டி கத்தியது.

நல்ல பெட்டி செத்திருந்தது.

தேவகிதான் ஒயரை மாற்றிவிட்டாள், என்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எச்சில் கையோடு எழுந்து போய்ப் பார்த்தேன். ஒயர் எல்லாம் இருந்த இடத்தில். நாற்காலியை முன்போலத் திருப்பினேன். இடது பின் பெட்டி ஊமை. மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பினேன். பேசியது. நான்கு தடவை திருப்பினேன். தண்ணீர் தலையில் சொட்டியது. தேவகி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எந்தப் பெட்டி என் இடது கைப் பக்கம் வருகிறதோ அது செத்துப் போகிறது.

போனை எடுத்து ரிங்டோன் போட்டு இடது காதில் வைத்தேன். போன் கையில் அதிர்கிறது. காதில் தூரத்து வண்டுச் சத்தம். வலது காதில் வைத்தேன். தூக்கி அடித்தது. யோசித்தால், எத்தனை வருஷமாகப் போனை வலது காதில் மட்டும் வைக்கிறேன் என்றே தெரியவில்லை.

பெட்டிக்கு ஒன்றுமில்லை. ஒன்றும் இருந்ததே இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

நான்கு பேரையும் மறுபடி கூப்பிட்டேன். தேவகியை நித்யாவோடு கடைக்கு அனுப்பிவிட்டேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு ஒவ்வொருவராக உட்கார வைத்தேன்.

முதலில் தேசப்பன். "இன்னாபா, ரிப்பேர் பண்ணிட்டியா? அது பேசுது. இது போயிட்சே." திரும்பி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். எழுந்து தானே நாற்காலியைத் திருப்பினான். மறுபடி உட்கார்ந்தான். அவன் முகம் போன போக்கை எழுத முடியாது.

நாலுக்கு நாலு. இந்தத் தடவை எவனும் சிரிக்கவில்லை.

காரணம் தேட வேண்டியதே இல்லை. எங்கள் குப்பத்தில் டிரைவர் போட்டின் பின்கட்டையில் வலது பக்கம் உட்கார்ந்து சுக்கான் கைப்பிடி பிடிப்பான். எல்லாரும் அப்படித்தான். என்ஜின் இடது காதுக்கு ஒரு முழம். நான் பதினான்கு வருஷம், தேசப்பன் இருபது. சத்தம் கேட்டுச் சொல்வார்கள் என்று நான் பொறுக்கி எடுத்த சாட்சிகள், ஐந்து பேரும் ஒரே பக்கம் செவிடு. இப்படி ஒரு முட்டாள்தனம் வேறு எந்த ஊரில் நடக்கும்?

போன மாதம் முகத்துவாரத்தில் ஒரு போட்டு இடப்பக்கமாக வந்து எங்கள் மேல் உரசிப் போனது. வலை இழுக்கிற சங்கர், "கத்தினேன் அண்ணே, கத்தினேன்" என்றான். பொய் சொல்கிறான் என்று அறைந்தேன். என்னைவிட ஐந்து வயது பெரியவனாக இருந்தால் திருப்பி அறைந்திருப்பான். அறைந்திருக்க வேண்டும்.

தேசப்பன் கிளம்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான். "தோ பாரு, இது நம்ம அஞ்சு பேரோட போவட்டும். ஓனருக்குத் தெரிஞ்சா செவுடனை என்ஜின்ல ஒக்கார வெப்பாரா? வலை இழுக்க அனுப்பிடுவாரு. என் வயசுக்கு வலை இழுக்க முடியுமா?"

தேசப்பன் ஓட்டுகிற போட்டுக்கும் நான் ஓட்டுகிற போட்டுக்கும் முனிரத்தினம்தான் ஓனர். அவரும் ஞாயிற்றுக்கிழமை காது குத்துக்கு வருகிறார்.

சொன்னால் என்ஜின் போகும். சொல்லாவிட்டால் மச்சான் வர மாட்டான். பாழாய்ப்போன பெட்டி. பாழாய்ப்போன காது. பாழாய்ப்போன மழை.

நவம்பர் 27, வியாழன்

மீஞ்சூர் போனேன். தேவகியிடம் ஸ்பீக்கர் ஒயர் வாங்கப் போவதாகச் சொன்னேன். நம்பினாளா தெரியாது. சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருந்தாள்.

ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் நின்றேன். ஷிப்டு முடிந்து மோகன் வந்தான். என்னைப் பார்த்தான், போகவும் இல்லை, பேசவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தான். நான் டீயை ஊதிக்கொண்டு எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்து உலுக்கினான்.

"கூப்புட்டா திரும்பக் கூட மாட்டியா? சொல்லத்தான் வந்தேன்னா சொல்லு, இல்லாட்டி எழுந்து போ."

அவன் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தான். என்னவோ பேசியிருக்கிறான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சொன்னேன். நாற்காலி, நான்கு பேர், போன், எல்லாம். சுருக்கமாகத்தான். நீட்டி முழக்க என்ன இருக்கிறது? அவன் அம்மாவை அப்படிப் பேசியது தப்பு என்றும் சொன்னேன்.

அவன் டீ ஆறிப் போயிற்று.

"ரெண்டு வருஷமா மாமா" என்றான். "வீட்டுக்கு வந்தா பக்கத்துல ஒக்காந்து மாமா மாமான்னு கூப்புடுவேன். நீ டிவியையே பாத்துகினு இருப்பே. அக்கா கல்யாணத்துக்கு நாங்க ஒண்ணும் செய்யலன்னு நீ உள்ளுக்குள்ள வெச்சிகினு கீறேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அந்த செட்டே வாங்கினேன். அத்தப் பாத்தாவது என் மூஞ்சியைப் பாப்பேன்னு."

நான் அவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த அதே இரண்டு வருஷம். வந்தால் பேச மாட்டான், பதில் சொல்ல மாட்டான் என்று இதே நோட்டில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது.

"நீ யாருகிட்டயும் சொல்ல வோணாம். வேலை போயிடும். நான் வரேன் மாமா. மடில ஒக்கார வெச்சிக்கறேன்."

எழுந்து என் வலது பக்கம் வந்து உட்கார்ந்துதான் இதைச் சொன்னான். ஸ்பீக்கர் ஒயர் வாங்க மறந்துவிட்டேன். தேவகி கேட்கவில்லை. மீன் குழம்பு வைத்தாள்.

நவம்பர் 30, ஞாயிறு

வெயில். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு.

திருப்பாலைவனம் போய்ச் சேர ஒன்பது மணி. நித்யாவுக்கு மொட்டை, சந்தனம், பட்டுப் பாவாடை. மோகன் சீர்த் தட்டுகளோடு வந்தான். பழம், துணி, இனிப்பு, நடுவில் ஒரு சின்னச் சிவப்பு டப்பாவில் கம்மல். தேவகி ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பார்த்தாள்.

நான்கு டிரைவர்களும் ஒரே பக்கமாக நின்றார்கள். ஓனர் முனிரத்தினம் முன்னால் நாற்காலியில். பெட்டிக் கதை அவர் வரைக்கும் போயிருந்தது, போகாதா பின்னே. நாங்கள்தான் போன வாரம் குப்பம் முழுக்கச் சொல்லிச் சிரித்தோமே.

மோகன் மணையில் உட்கார்ந்து நித்யாவை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி கம்மல் டப்பாவைத் திறந்தார். ஓனர் எட்டிப் பார்த்துச் சொன்னார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி:

"நல்லா உரசிப் பாருங்க ஆசாரி. தங்கந்தானா, இல்ல அதுவும் ஊமையா? இந்தத் தாய்மாமன் சரக்கு அப்பிடி."

கூட்டம் சிரித்தது. தேசப்பனும் சிரித்தான், படுபாவி, கண் தரையில். மோகன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வேலைக்காக. நித்யாவின் மொட்டைத் தலையில் சந்தனத்தைச் சரி செய்தான். தேவகி என்னைப் பார்த்தாள்.

"பொட்டி நல்லாத்தான் கீது" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அஞ்சும் பேசுது. என் எடது காதுதான் போச்சு. என்ஜின்ல ஒக்காந்து ஒக்காந்து போச்சு. என் மச்சான் யாரையும் ஏமாத்தல. நான்தான் தப்பா சொன்னேன்."

மற்ற நான்கு பேரைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவர்கள் பாடு.

சிரிப்பு நின்றது. ஆசாரி கையில் ஊசியோடு காத்திருந்தார். மோகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு, "குத்துங்க ஆசாரி" என்றான்.

வலது காதுக்கு அழவில்லை. இடது காதுக்குக் கோயிலே திரும்பிப் பார்க்கிற அழுகை. மாமன் சட்டையைப் பல்லால் கடித்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் ஓனர் பக்கத்தில் கூப்பிட்டார். பாயசத்தைக் குடித்து முடித்தார். என்ஜின் போயிற்று என்றே நினைத்தேன். வலை இழுக்கிறேன் என்று சொல்லத் தயாராகத்தான் போனேன்.

"நாளிக்குக் கடலுக்குப் போலாமாம். இப்ப வேற டிரைவருக்கு நான் எங்க போவேன்?" என்றார். "நீ அந்தாண்ட பக்கமா ஒக்காந்து ஓட்டு. இன்னொரு காது கீதில்ல."

வெற்றிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். என்ஜின் மாட்டியாயிற்று. சங்கரிடம் பேச வேண்டும். வாங்க வேண்டியது: டீசல், பீடி, தீப்பெட்டி. காதில் வைக்கப் பஞ்சு, ஐந்து பேருக்கு.